உணவில் சேர்ப்பவை: நன்மையா, தீமையா?

ஊறுகாய்ப் புட்டியின்மேல் 211 என்ற எண்ணைக் கண்டு, லோத்குண்டாவில் வாழும் நம்மவருள்ளும் அஞ்சுவோர் உண்டு. அது சோடியம் பென்சோயேட். பூசணம் பிடியாமல் காப்பது. விதித்த அளவுக்குள் அனுமதி பெற்றது. சேர்க்கை என்றாலே கலப்படம் எனக் கொள்ளுதல் பிழை.

நாள்தோறும் நாம் இடும் உப்பையே நோக்குவோம். கழலை நோயைத் தடுக்கவே அதில் அயோடின் சேர்க்கின்றனர். கடையில் விற்கும்பொழுது பத்து லட்சத்தில் 15 பங்கேனும் அயோடின் இருத்தல் வேண்டுமென்பது விதி. இரும்புச் சத்தையும் உடன் சேர்த்த உப்பை உருவாக்கியது, நமக்கு அண்மையில் தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதுவும் 1958-ல் குன்னூரிலிருந்து இங்குக் குடிபெயர்ந்ததே. ஒருவகையில் நம் ஊரார்தாம்!

பஞ்சுமிட்டாயின் கதை வேறு. ரோடமின்-பி என்பது துணிக்கு ஏற்றும் சாயம். உணவில் அதற்கு எள்ளளவும் அனுமதி இல்லை. ஆய்வில் அச்சாயம் வெளிப்படவே, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. புட்டியின் எண்ணைக் கண்டு அஞ்சும் நாம், எண்ணே இல்லாத இளஞ்சிவப்பைக் குழந்தை கையில் கொடுத்துவிடுகின்றோமே!

அனுமதியும் நிலையானதன்று. ரொட்டி மாவில் நெடுங்காலம் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட், புற்றுநோய் ஐயத்தினால் 2016-ல் நம் நாட்டு அனுமதிப் பட்டியலினின்றும் நீக்கப்பெற்றது.