ஐக்கிய அமெரிக்காவில் காட்டுப்பன்றி வேட்டை

ஐக்கிய அமெரிக்காவின் வயல்களிலும் காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் கட்டுக்கடங்காமல் பெருகியுள்ள பன்றிகளைச் சுட்டும், நாய்களைக் கொண்டு மடக்கியும், பொறி வைத்துப் பிடித்தும் அகற்றும் முயற்சிகள் பொதுவாகக் காட்டுப்பன்றி வேட்டை எனப்படுகின்றன. இப்பன்றிகள் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை அல்ல; மனிதர்களால் கொண்டுவரப்பட்டவை. இன்று குறைந்தது 35 மாநிலங்களில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் திரிவதாக அந்நாட்டு வேளாண்மைத் துறை மதிப்பிடுகிறது. வேளாண்மைக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 250 கோடி டாலர் இழப்பு ஏற்படுவதாகவும் அத்துறை கூறுகிறது. பல மாநிலங்களில் எந்தக் காலத்திலும், எத்தனை பன்றிகளையும் சுட அனுமதி உண்டு. ஆயினும் எண்ணிக்கை குறையவில்லை. சில இடங்களில் வேட்டை ஆர்வமே பன்றிகள் பரவக் காரணமாயிற்று.

பெயரும் இனமும்

அமெரிக்காவில் காட்டுப்பன்றி என்று சொல்லப்படுபவை மூன்று வகைப்படும். பண்ணையிலிருந்து தப்பிக் காடேறிய வளர்ப்புப் பன்றிகளின் வழித்தோன்றல்கள் ஒருவகை. வேட்டைக்காக இறக்குமதி செய்யப்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளின் வழித்தோன்றல்கள் மற்றொரு வகை. இவ்விரண்டின் கலப்பு மூன்றாம் வகை. இன்று கலப்பினமே மிகுதி. மூன்றும் சுஸ் ஸ்க்ரோஃபா என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதால் தங்களுக்குள் தடையின்றி இனப்பெருக்கம் செய்கின்றன.

டெக்சஸ், அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்களில் வாழும் ஜாவலீனா என்ற விலங்கு பன்றியைப் போலத் தோன்றினாலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அது அம்மண்ணின் சொந்த விலங்கு. அதை வேட்டையாடக் காலமும் எண்ணிக்கையும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளன.

வரலாறு

1493இல் கொலம்பசு தமது இரண்டாம் பயணத்தில் கரீபியத் தீவுகளுக்குப் பன்றிகளைக் கொண்டு சென்றார். 1539இல் எசுப்பானியப் படைத்தலைவர் எர்னாண்டோ தெ சோட்டோ புளோரிடாவில் இறங்கியபோது பன்றிகளையும் ஓட்டி வந்தார். படைக்கு வழியெங்கும் இறைச்சி வேண்டும் என்பதே நோக்கம். நடந்தே வரக்கூடிய, எதையும் தின்று பிழைக்கக்கூடிய, விரைவில் பெருகக்கூடிய உணவு பன்றிதான். 1542இல் அவர் இறந்தபோது மந்தை பல நூறாகப் பெருகியிருந்தது. வழியில் தப்பியவை காடேறின.

பின்வந்த குடியேறிகள் பன்றிகளைப் பட்டியில் அடைத்து வளர்க்கவில்லை. காதில் அடையாள வெட்டு இட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் ஓக் மரக் கொட்டைகளைத் தின்று கொழுத்த பிறகு தேடிப் பிடிப்பார்கள். பிடிபடாதவை காட்டிலேயே தங்கிவிட்டன.

1912இல் வட கரோலினாவின் மலைப்பகுதியில் இருந்த ஒரு தனியார் வேட்டைப் பூங்காவுக்கு ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் கொண்டுவரப்பட்டன. சில ஆண்டுகளில் அவை வேலியை உடைத்து வெளியேறி, ஏற்கெனவே காடேறியிருந்த பன்றிகளுடன் கலந்தன. கலிபோர்னியாவிலும் டெக்சசிலும் வேட்டைக்காக இதுபோன்ற இறக்குமதிகள் நடந்தன.

1982இல் 17 மாநிலங்களில் மட்டுமே இப்பன்றிகள் இருந்தன. அதன்பின் பரவல் வேகமெடுத்தது. பன்றிக்கூட்டம் தானாக நடந்து சென்று புதிய மாநிலத்தைப் பிடிப்பது மெதுவான செயல். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் புதிய கூட்டங்கள் திடீரெனத் தோன்றின. வேட்டையாடும் வாய்ப்பை உண்டாக்குவதற்காக மனிதர்கள் அவற்றை வண்டியில் ஏற்றிச் சென்று இரவோடிரவாக அவிழ்த்துவிட்டதே இதற்கு முதன்மைக் காரணம். தொலைதூரங்களுக்கு இடையேயான இத்தகைய இடமாற்றத்தை மரபணு ஆய்வுகளும் காட்டியுள்ளன.

வாழ்க்கைமுறை

பெண் பன்றி ஒரு வயதை எட்டும் முன்பே கருவுறக்கூடும். கருக்காலம் சுமார் 115 நாள். ஓர் ஈற்றில் பொதுவாக நான்கு முதல் எட்டுக் குட்டிகள் பிறக்கும். உணவு நன்கு கிடைத்தால் ஓராண்டில் இருமுறையும் ஈனும். வளர்ந்த பன்றிக்கு அமெரிக்காவில் மனிதனைத் தவிர அஞ்சத்தக்க எதிரி அநேகமாக இல்லை.

தாய்ப் பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாக வாழும். வளர்ந்த ஆண்கள் பெரும்பாலும் தனித்துத் திரியும். ஆணின் தோள்பகுதியில் தோலுக்கடியில் தடித்த கவசம் போன்ற திசு வளர்கிறது. சண்டையில் எதிரியின் கோரைப்பல்லிலிருந்து அது காக்கும். பன்றிக்குப் பார்வை அவ்வளவு கூர்மையில்லை. மோப்பம் மிகக் கூர்மையானது. வியர்த்து உடல் சூட்டைத் தணிக்க முடியாததால் சேற்றில் புரள்கிறது. வேட்டைத் தொல்லை மிகுந்த இடங்களில் பகல் நடமாட்டத்தை விட்டு இரவுக்கு மாறிவிடும். ஒருமுறை பொறியிலிருந்து தப்பிய பன்றி மீண்டும் அதன் அருகே எளிதில் வருவதில்லை.

விளைவிக்கும் சேதம்

பன்றி மேய்வதில்லை, கிளறுகிறது. வலுவான மூக்கால் மண்ணைப் புரட்டிக் கிழங்கு, வேர், புழு, பூச்சி எல்லாவற்றையும் தின்கிறது. ஒரே இரவில் ஒரு கூட்டம் ஒரு வயலை உழுதுபோட்டது போல ஆக்கிவிடும். மக்காச்சோளம் விதைத்த இரவே வரிசை பிடித்து வந்து, விதைத்த சாலிலேயே விதைகளைத் தோண்டித் தின்றுவிடுவது டெக்சஸ் உழவர்களுக்குப் பழகிப்போன இழப்பு. நிலக்கடலை, நெல், சோளம் ஆகிய பயிர்களும் பாதிக்கப்படுகின்றன. நெல்வயலின் வரப்பு உடைந்தால் தேக்கிய நீர் வீணாகும். புரட்டப்பட்ட மேடுபள்ளங்களில் அறுவடை இயந்திரங்கள் பழுதாகின்றன. விதை போனால் மறுவிதைப்பு. அதற்குள் பருவம் போய்விடும்.

இயற்கைக்கும் இழப்பு உண்டு. தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகள், கடற்கரை மணலில் உள்ள ஆமை முட்டைகள், தவளைகள், பல்லிகள், மான் குட்டிகள் எனக் கிடைப்பதையெல்லாம் தின்கிறது. ஓக் மரக் கொட்டைகளைத் தின்று தீர்ப்பதால் மான், வான்கோழி, கரடி ஆகியவற்றின் உணவு குறைகிறது. புதிய மரங்கள் முளைப்பதும் தடைப்படுகிறது. ஓடைகளில் புரள்வதால் நீர் கலங்கி மாசடைகிறது.

புருசெல்லோசிசு, லெப்டோசுபைரோசிசு முதலிய நோய்கள் இவற்றிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியவை. 2006இல் அமெரிக்காவில் பசலைக்கீரை வழியே பரவிய ஈ. கோலை தொற்றால் சுமார் 200 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். அந்தக் கிருமி கலிபோர்னியாவில் கீரை விளைந்த நிலத்தை ஒட்டிய பகுதியில் மாடுகளிடமும் காட்டுப்பன்றிகளிடமும் கண்டறியப்பட்டது. பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021இல் டொமினிக்கன் குடியரசிலும் எயிட்டியிலும் உறுதியானது. அது அமெரிக்காவுக்குள் நுழைந்து காட்டுப்பன்றிகளிடம் பரவினால் பண்ணைத் தொழிலே ஆட்டம் காணும் என்ற அச்சம் நிலவுகிறது.

வேட்டை முறைகள்

மறைவிடத்தில் காத்திருந்து சுடுவது பழைய முறை. குறித்த நேரத்தில் மக்காச்சோளத்தை இறைக்கும் தானியங்கிக் கருவியை வைத்துப் பன்றிகளை வரவழைப்பார்கள். பன்றிகள் இரவு விலங்குகளாக மாறியதால், உடல் வெப்பத்தைக் காட்டும் குறிநோக்கி பொருத்திய துப்பாக்கிகள் இப்போது பரவலாகிவிட்டன.

நாய்களைக் கொண்டு வேட்டையாடுவது தென் மாநிலங்களில் வேரூன்றிய வழக்கம். ஒருவகை நாய்கள் பன்றியைத் தேடிப் பிடித்து, நகரவிடாமல் சுற்றிநின்று குரைக்கும். மற்றொரு வகை பாய்ந்து காதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கோரைப்பல்லால் கிழிபடாமலிருக்க நாய்களுக்குத் தடித்த மேலுறை அணிவிப்பதுண்டு. நாய்கள் காயமடைவதும் இறப்பதும் இம்முறையின் மீது உள்ள முதன்மையான விமரிசனம்.

2011இல் டெக்சஸ் இயற்றிய சட்டம், நில உரிமையாளரின் இசைவுடன் தனியாரும் உலங்கூர்தியிலிருந்து பன்றிகளைச் சுட வழிவகுத்தது. இது கட்டணம் செலுத்தி ஈடுபடும் ஒரு பொழுதுபோக்காகவும் வளர்ந்தது.

சுட்ட பன்றியை அறுக்கும்போது கையுறை அணியவேண்டும் என்றும், இறைச்சியின் உட்பகுதி 71 பாகை செல்சியசை எட்டும்வரை சமைக்கவேண்டும் என்றும் நலவாழ்வுத் துறையினர் அறிவுறுத்துகின்றனர்.

வேட்டை ஏன் போதவில்லை

டெக்சசில் ஆண்டுதோறும் மொத்தப் பன்றிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அகற்றினால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்பது அம்மாநில வேளாண் விரிவாக்க ஆய்வாளர்களின் கணிப்பு. வேட்டையும் பொறியும் சேர்ந்து அகற்றுவது மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

இதற்குக் காரணங்கள் பல. வேட்டைக்காரர் பெரும்பாலும் பெரிய ஆண் பன்றியையே விரும்புகிறார். கூட்டத்தைப் பெருக்குவதோ பெண் பன்றிகள். எஞ்சிய ஓர் ஆணே பல பெண்களுக்குப் போதும். இருபது பன்றிகள் உள்ள கூட்டத்தில் இரண்டைச் சுட்டால் மற்றவை சிதறிப் பக்கத்து நிலங்களுக்குப் போகும். மேலும் எச்சரிக்கையாகவும் இருக்கும். அடுத்த ஈற்றில் இழப்பு ஈடாகிவிடும்.

பொருளாதாரக் காரணமும் உண்டு. பயிரிடுபவருக்குப் பன்றி நட்டம். வேட்டைக்காரரிடம் கட்டணம் பெறும் பக்கத்து நிலக்காரருக்கோ அதுவே வருமானம். இருவரின் வேலிக்கும் இடையே பன்றிக்கு எல்லை கிடையாது. விலை உள்ள விலங்கை முற்றாக ஒழிக்க யாரும் முனைவதில்லை. இல்லாத இடத்தில் கொண்டுபோய் விடவும் சிலர் தயங்குவதில்லை.

டென்னசி மாநிலம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பல பத்தாண்டுகளாகக் கிழக்குப் பகுதியின் சில மாவட்டங்களில் மட்டும் இருந்த பன்றிகளைக் கட்டுப்படுத்த, 1999இல் மாநிலம் முழுவதும் எண்ணிக்கை வரம்பற்ற வேட்டை அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில்தான் பன்றிகள் மிக வேகமாகப் பரவின. 95 மாவட்டங்களில் ஏறத்தாழ 80இல் காணப்பட்டன. 2011இல் அம்மாநிலம் பன்றியை வேட்டை விலங்குகளின் பட்டியலிலிருந்து நீக்கி, அழிவு விளைவிக்கும் விலங்கு என அறிவித்தது.

கான்சசு 2006இல் பொழுதுபோக்கு வேட்டையைத் தடைசெய்தது. மிசூரியின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 2016இல் தன் பொறுப்பிலுள்ள நிலங்களில் பன்றி வேட்டையை நிறுத்தியது. நியூயார்க் 2014இல் வேட்டையைத் தடைசெய்து, கூட்டங்களை அதிகாரிகளே பிடிக்கச் செய்தது. 2016இல் பன்றிகள் ஒழிந்ததாக அறிவித்தது. கொலராடோ 2020இல் அதே அறிவிப்பை வெளியிட்டது. டெக்சசில் நிலைமை வேறு. அங்கே பன்றிகள் மிக மிகுதி. நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. தடையால் அங்கே பயனில்லை என்பதால் விதிகள் தளர்த்தப்பட்டன. 2019 முதல் தனியார் நிலத்தில் உரிமையாளரின் இசைவு இருந்தால் வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை.

மாற்று வழிகள்

கூட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் பிடிப்பதே இன்று பரிந்துரைக்கப்படும் முறை. வட்டமான பெரிய அடைப்பை அமைத்து, அதில் பல நாள் தீனியிட்டுப் பன்றிகளைப் பழக்குவார்கள். நிழற்படக் கருவி வழியே தொலைவிலிருந்து கண்காணித்து, கடைசிப் பன்றியும் உள்ளே வந்த பின்னரே கதவை விழச் செய்வார்கள். ஒன்றிரண்டு வெளியே இருக்கும்போது அவசரப்பட்டால் அவை பாடம் கற்றுக்கொள்ளும். 2014இல் நடுவண் அரசின் வேளாண்மைத் துறை தொடங்கிய தேசியத் திட்டம் இத்தகைய முறைகளையே முன்னிறுத்துகிறது.

நஞ்சிடும் யோசனையும் எழுந்தது. 2017இல் வார்ஃபரின் கலந்த இரையை டெக்சசில் பயன்படுத்த முயன்றபோது, பிற விலங்குகளும் இறைச்சி உண்பவர்களும் பாதிக்கப்படக்கூடும் என்று வேட்டைக்காரர்களும் இறைச்சி வணிகர்களும் எதிர்த்தனர். அப்போது அம்முயற்சி கைவிடப்பட்டது.

சாந்தா குரூஸ் தீவு

முற்றான ஒழிப்புக்குச் சிறந்த சான்று கலிபோர்னியாக் கடற்கரைக்கு அப்பாலுள்ள சாந்தா குரூஸ் தீவு. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவில் பூனையளவே உள்ள தீவு நரி வாழ்கிறது. டிடிடி நஞ்சினால் மீனுண்ணும் வெண்தலைக் கழுகுகள் அங்கே அழிந்தன. அவை காத்த இடத்துக்குப் பொன்னிறக் கழுகுகள் வந்தன. பன்றிக்குட்டிகள் ஆண்டு முழுவதும் இரையாகக் கிடைத்ததால் அவை அங்கேயே தங்கி, நரிகளையும் வேட்டையாடின. நரிகளின் எண்ணிக்கை நூற்றுக்கும் கீழே சரிந்தது.

2005இல் தொடங்கிய பணியில் தீவு வேலிகளால் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பொறி, உலங்கூர்தி, பயிற்சிபெற்ற வேட்டைக்காரர், நாய் என ஒவ்வொரு பகுதியாக முடிக்கப்பட்டது. கழுத்தில் அலைபரப்பி கட்டிய பன்றிகளை விட்டு, அவை சென்று சேர்ந்த கூட்டங்களையும் கண்டுபிடித்தனர். 5,000க்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. விலங்குரிமை ஆர்வலர்கள் இதை எதிர்த்து வழக்கும் தொடுத்தனர். பொன்னிறக் கழுகுகள் பிடிக்கப்பட்டு வேறிடம் கொண்டுசெல்லப்பட்டன. வெண்தலைக் கழுகுகள் மீண்டும் விடப்பட்டன. நரிகள் மீண்டு பெருகியதால் 2016இல் அவை அருகிய இனப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

தீவைச் சுற்றிக் கடல் இருந்தது. பன்றியால் யாருக்கும் வருமானம் இல்லை. கடைசிப் பன்றிவரை பணி நிற்கவில்லை. பெருநிலத்தில் இம்மூன்றும் ஒருசேர அமைவது அரிது.

இந்தியாவுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பயிர்களை அழிக்கும் காட்டுப்பன்றியும் இதே இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் இந்தியாவில் அது மண்ணின் சொந்த விலங்கு. புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவற்றின் இரை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. 2022இல் கேரள அரசு, பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளின் தலைவர்களுக்கு வழங்கியது. உழவரின் இழப்பு இரு நாட்டிலும் ஒன்றே. அமெரிக்காவில் முற்றாக ஒழிப்பது குறிக்கோளாக இருக்கலாம். இந்தியாவில் காட்டில் அதற்குரிய இடத்தை விட்டுவைத்து, வயலிலிருந்து விலக்குவதே குறிக்கோளாக இருக்க முடியும்.