பாப்பா உமாநாத்: தொழிற்சங்க வரலாற்றில் சமையற்கூடத்தின் இடம்

தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் இயக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பணிமனையின் வாயிலோடு நின்றுவிடுகின்றன. 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும், 1946 செப்டம்பர் 5 அன்று ஐந்து தொழிலாளர் உயிரிழந்த பொன்மலைத் துப்பாக்கிச்சூடும் அவற்றில் உரிய இடம் பெறுகின்றன. அத்தொழிலாளர்க்கு உணவு சமைத்த பெண்கள் அடிக்குறிப்பாகவே எஞ்சுகின்றனர். பாப்பா உமாநாத்தின் (1931-2010) வாழ்க்கை இவ்வரையறையை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

காரைக்கால் அருகிலுள்ள கோவில்பத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் தனலட்சுமி. தந்தை மறைந்தபின் தாயார் பிள்ளைகளுடன் பொன்மலைக்குக் குடிபெயர்ந்து, ரயில்வேத் தொழிலாளர்க்குச் சமைத்துக் கொடுத்து வாழ்ந்தார். உண்ண வந்தவர்கள் அழைத்த செல்லப்பெயரே ‘பாப்பா’. சங்க அரசியல் அவரை அடைந்த வழி இதுவே. சிறுமியாக இருந்தபோதே போராட்டங்களில் பங்கேற்றுக் கைதானார்.

ஜெர்மனியோடு ஒப்பிடுகையில் இவ்வழியின் தனித்தன்மை விளங்கும். பிரஷ்யாவில் 1908 வரை பெண்கள் அரசியல் அமைப்புகளில் சேர்வதைச் சட்டம் தடுத்தது. எனவே எம்மா இரர் போன்றோர் பெண்தொழிலாளர் சங்கங்களின் வழியே பொதுவாழ்வில் நுழைந்தனர். தையல் தொழிலாளியாக இருந்த மரீ யூகாட்ஸ் 1919இல் தேசிய மன்றத்தில் உரையாற்றிய முதல் பெண்மணியானார். அங்குத் தடை சட்டத்தில் இருந்தது. பொன்மலையிலோ தொழிலின் அமைப்பிலேயே இருந்தது. பணிமனை ஆண்களுக்குரியதாக இருந்தமையால் உலைக்களத்தின் வழியே அன்றி அடுப்பின் வழியேதான் பெண் சங்கத்துக்குள் வர இயன்றது.

பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் தாயும் மகளும் சென்னையில் சிறைப்பட்டு உண்ணாநோன்பு மேற்கொண்டனர். தாயார் சிறையிலேயே உயிர்நீத்தார். கட்சியிலிருந்து விலகினால் உடலைப் பார்க்கலாம் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது, மகள் மறுத்துவிட்டார். இதைக் கொள்கையுறுதி என்று மட்டும் போற்றுவது போதாது. சமைத்துப் போட்ட தாயையும் அரசு அரசியல் கைதியாகவே கருதியது. வரலாற்றெழுத்து அவருக்கு அத்தகுதியைத் தரத் தயங்கியது.

1952இல் ஆர். உமாநாத்தை மணந்தார். பின்னர் தமிழகத்தில் ஜனநாயக மாதர் சங்கத்தை உருவாக்கியோருள் ஒருவரானார். 1989இல் பொன்மலையை ஒட்டிய திருவெறும்பூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்வு பெற்றார்.

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் இருப்புப்பாதை விழுப்புரத்தில் கிளை பிரிந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்கிறது. நீராவி எஞ்சின்களின் காலத்தில் விழுப்புரத்திலும் எஞ்சின் கொட்டகை இருந்தது. அங்குப் பணிபுரிந்தோரின் குடியிருப்புகள், உணவுக் கடைகள், அவற்றை நடத்திய பெண்கள் ஆகியோர் குறித்த வாய்மொழி வழக்காறுகளைத் தொகுக்கும் பணி, நினைவில் வைத்திருப்போர் உள்ளபோதே தொடங்கப்பட வேண்டும்.