மரத்தவளையின் இசைவாக்கமும் அதன் எல்லையும்

‘கல்லினுள் தேரை’ என்னும் வழக்கு, தவளையினம் பிழைத்திருத்தலை வியந்து நோக்குகின்றது. அவ்வியப்பின் பௌதிக அடிப்படையை விளக்குவது விஞ்ஞானத்தின் பணியாகும்.

கல்முனை உள்ளிட்ட உலர்வலயக் கரையோரம் பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றினாலேயே மழை பெறுகின்றது. தவளையோ தோலினூடாகவும் சுவாசிப்பது; ஈரம் வற்றின் மடிவது. இம்முரண்பாட்டினுள்ளேயே புள்ளி மரத்தவளை வாழ்கின்றது. விரல் நுனித் தட்டுகளால் அது மரத்தையும் சுவரையும் பற்றிக்கொள்கின்றது. பகலிற் கைகால்களை உடலோடு ஒடுக்கி, நீரிழப்பைக் குறைக்கின்றது. குளியலறை அதன் உறைவிடமாவதும் ஈரம் கருதியே. மாரியில் நீருக்கு மேலே நுரைக்கூடு அமைத்து முட்டையிடுகின்றது. கூட்டின் புறம் உலர்ந்தாலும் அகம் ஈரமாயிருக்கும். பொரித்த வாற்பேய்கள் கீழுள்ள நீரில் விழுந்து வளர்கின்றன.

ஈரவலயக் காடுகளின் சிறு மரத்தவளைகள் வேறு வழியிற் கூர்ப்படைந்தன. அவற்றின் முட்டையிலிருந்து வாற்பேயன்றி, உருவம் நிறைந்த தவளைக் குஞ்சே வெளிவருகின்றது. அவற்றுக்குக் குளம் வேண்டியதில்லை. ஆயின் காட்டு நிழலின் ஈரம் இன்றியமையாதது. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக அக்காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. இக்குழுவில் பத்துக்கு மேற்பட்ட இனங்கள் இன்று அற்றுப்போனவையாகக் கொள்ளப்படுகின்றன. காடழிவே அதன் முதன்மைக் காரணமாகக் கருதப்படுகின்றது.

எனவே, ‘தக்கது பிழைக்கும்’ என்பதை உயிரியின் தனிப்பண்பாகக் கொள்ளலாகாது. தகுதி என்பது உயிரிக்கும் சூழலுக்கும் இடையிலான உறவேயாகும். கூர்ப்பு யுகயுகமாகச் சமைத்த அவ்வுறவைப் பெருந்தோட்ட மூலதனம் சில தசாப்தங்களிற் குலைத்தது. கரையோரக் குளங்களும் குட்டைகளும் மண்ணிட்டு நிரப்பப்படுமாயின், நுரைக்கூட்டின் நுட்பமும் நம் தவளையைக் காவாது.