பாய்க்கப்பலில் பணி செய்தோர்

நமது பிரசங்கங்களில் கப்பல் அடிக்கடி வருகிறது. திருச்சபையையே கப்பலாகக் காணும் வழக்கம் மிகப் பழமையானது. ஆலயத்தில் சபையார் அமரும் நடுப்பகுதிக்கு மேலைநாட்டார் இட்ட பெயரும் கப்பலைக் குறிக்கும் 'நாவிஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. ஆயினும் அக்கப்பலில் கயிறு இழுத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. 1838-இல் கால்டுவெல் ஐயரும் 1839-இல் போப் ஐயரும் சென்னைக்கு வந்தது பாய்க்கப்பலில்தான். அவர்கள் வரலாற்றை விரிவாக எழுதிய நாம், அவர்களைக் கொண்டுவந்து சேர்த்த மாலுமிகளின் வாழ்வை எண்ணிப் பார்த்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானிய வணிகக் கப்பலொன்றை எடுத்துக்கொண்டு அவ்வாழ்வைச் சிறிது நோக்குவோம்.

'கட்டி சார்க்' என்னும் கப்பல் 1869 நவம்பர் 22-இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் நீரில் இறக்கப்பட்டது. சீனத் தேயிலையை லண்டனுக்கு விரைந்து கொணர்வதே அதன் நோக்கம். ஆனால் அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னரே சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டுவிட்டது. கால்வாய் வழியே செல்லக்கூடிய நீராவிக் கப்பல்கள் சில ஆண்டுகளில் தேயிலையைக் கைப்பற்றிக்கொண்டன. 1883 முதல் கட்டி சார்க் ஆஸ்திரேலியக் கம்பளியை ஏற்றியது. 1885-இல் சிட்னியிலிருந்து 73 நாட்களில் இங்கிலாந்தை அடைந்து புகழ்பெற்றது.

இவ்வேகம் காற்றால் மட்டும் வந்ததன்று. ஏறத்தாழ 32,000 சதுர அடிப் பாய்களையும் 11 மைல் நீளமுள்ள கயிறுகளையும் ஆள, கப்பலில் இருந்தோர் முப்பதுபேர் அளவே. நீராவியோடு போட்டியிட்ட உரிமையாளர்கள் முதலில் குறைத்தது ஆள் எண்ணிக்கையைத்தான். மாலுமிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு என மாறிமாறி இருந்தனர். மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள பொழுது மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரிக்கப்பட்டது. இதனால் ஒரு நாளின் முறைகள் ஏழாகி, ஒரே குழுவே நாள்தோறும் நள்ளிரவில் விழித்திருக்க நேராமல் தவிர்க்கப்பட்டது. எனினும் புயல் எழுந்தால் ஓய்வு ஏது? ஹார்ன் முனையைச் சுற்றும்போது, பனி உறைந்த பாயைச் சுருட்ட, ஆடும் பாய்மரத்தின் குறுக்குமரத்தில் வயிற்றைப் பொருத்திக்கொண்டு, காலடியில் ஒரே கயிற்றின்மேல் எல்லோரும் நின்றனர். கயிறு இழுக்கையில் ஒருவன் பாட மற்றவர் சேர்ந்து இழுப்பர். நம் 'ஏலேலோ' போன்றதே அது.

மேல்தளத்தை மணற்கல்லால் தேய்த்துத் துப்புரவாக்குவது மற்றொரு வேலை. பெரிய கல்லை 'வேதாகமம்' என்றும், மூலைகளுக்கான சிறிய கல்லை 'ஜெபப்புத்தகம்' என்றும் மாலுமிகள் அழைத்தனர். முழங்காலில் நின்று செய்யும் வேலை என்பதால் வந்த கேலி இது. இதனைத் தேவநிந்தை என்று கடிந்துகொள்ளுமுன், அவர்கள் அறிந்த ஒரே முழங்கால் நேரம் எதுவென்று எண்ணிப்பார்ப்பது நன்று.

உணவு உப்பிட்ட மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, புழு அரித்த பிஸ்கட்டு, பட்டாணிக் கஞ்சி. ஸ்கர்வி நோயைத் தடுக்கத் தரமான எலுமிச்சைச் சாறு தரவேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் வலியுறுத்த வேண்டியிருந்தது. முதல் மாதச் சம்பளமோ முன்பணமாகக் கரையிலுள்ள விடுதிக்காரன் கைக்கே போயிற்று. ஆகவே முதல் மாத உழைப்பை 'செத்த குதிரைக்கு உழைப்பது' என்றனர். மாத முடிவில் துணியால் குதிரையொன்று செய்து கடலில் எறிந்து மகிழ்வதும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் கப்பல் பழுதானது என்று கண்டு ஏற மறுத்தவனைச் சிறையிடவும் சட்டம் இடமளித்தது. பிரித்தானியாவில் இத்தண்டனை நீக்கப்பட்டது 1880-இல்தான்.

அதே 1880-இல் கட்டி சார்க்கில் ஒரு துயரம் நிகழ்ந்தது. நிலக்கரியுடன் யோக்கோஹாமா நோக்கிச் செல்கையில், கட்டளைக்குப் பணியாத ஜான் பிரான்சிஸ் என்னும் மாலுமியைத் துணைத்தலைவன் தடியால் அடிக்க, அவன் இறந்தான். கப்பல் தலைவர் வாலஸ், ஜாவாவின் ஆன்யர் துறையில், குற்றவாளி வேறொரு கப்பலுக்குத் தப்பிச்செல்ல இடங்கொடுத்தார். நீதி மறுக்கப்பட்டதென மாலுமிகள் வேலைசெய்ய மறுத்தனர். வாலஸ் பயிற்சிச் சிறுவர்களையும் கைவினைஞர் சிலரையும் கொண்டு கப்பலைச் செலுத்தினார். ஜாவாக் கடலில் காற்று ஓய்ந்து கப்பல் அசையாது நின்றது. அவ்விரவுகளில் அவர் உள்ளத்தில் என்ன நடந்தது என்று எவரும் பதிவுசெய்யவில்லை. ஒருநாள் விடியுமுன் அவர் கடலில் குதித்து மாண்டார். தப்பிய துணைத்தலைவன் 1882-இல் லண்டனில் விசாரிக்கப்பட்டு, கொலைக்குற்றத்திலிருந்து விடுபட்டு, மரணம் விளைவித்த குற்றத்திற்காக ஏழாண்டுச் சிறை பெற்றான். வாலஸை இரக்கமுள்ளவர் என்பதா, அநீதிக்குத் துணைபோனவர் என்பதா? இரண்டும் உண்மை என்றே நமக்குத் தோன்றுகிறது. தவறியவனிடம் ஆயர் காட்டும் இரக்கம், இறந்தவனுடைய தோழர்களின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்னும் கேள்வி நம் ஊழியத்திலும் எழுவதே.

அப்போஸ்தலர் 27-ஐ இப்பின்னணியில் வாசிப்போமாக. பயணம் ஆபத்தானது என்று பவுல் எச்சரித்தபோது, நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான் என்கிறது 11-ஆம் வசனம். அந்த எஜமான் தன் கப்பலில் தானும் இருந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் உரிமையாளனோ கரையில் இருந்தான். அவனுடைய பழங்கப்பல் மிகுபாரத்தால் மூழ்கினாலும் காப்பீட்டுப் பணம் கிடைக்கும். இத்தகையவற்றை மக்கள் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றனர். டார்பித் தொகுதி உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் 1873-இல் இதுபற்றி நூலெழுதினார். 1875-இல் மசோதா கைவிடப்பட்டபோது, பாராளுமன்றத்தில் கொதித்தெழுந்து சில உரிமையாளர்களைக் கொடியோர் என்றே அழைத்தார். மறு ஆண்டு, பாரத்தின் எல்லையைக் காட்டும் கோடு கப்பலின் பக்கத்தில் வரையப்படவேண்டும் என்று சட்டமாயிற்று. ஆனால் கோட்டை எந்த உயரத்தில் இடுவது என்பதை உரிமையாளனே முடிவுசெய்யலாம் என விட்டுவிட்டனர். அது சட்டத்தால் வரையறுக்கப்பட 1890 வரை, இன்னும் பதினான்கு ஆண்டுகள், மாலுமிகள் காத்திருந்தனர்.