உங்களுக்குத் தெரியுமா? – ஒரு பல் தவறினால்…

பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரே சுற்றுதான் சுற்ற வேண்டும். பல கார் எஞ்சின்களில் இந்தக் கணக்கைக் காப்பது டைமிங் பெல்ட்: உள்ளே கண்ணாடி இழை ஓடும், பல் வைத்த ரப்பர் வார். பெருமளவில் உற்பத்தியான கார்களில் இதை முதலில் பூட்டியது ஜெர்மனியின் கிளாஸ் 1004, 1962இல்.

பெல்ட்டை வீட்டிலேயே மாற்றுபவர்களுக்குக் கடைசி வேலைதான் உயிர். சாவியைத் தொடாமல், கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பல்சக்கரங்களில் உள்ள டைமிங் குறிகள் மறுபடி நேருக்கு நேர் வந்தால் சரி. நடுவில் எதிலோ முட்டுவதுபோல் தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்குத்தான் மாறி மாறி வந்துபோகின்றன; பெல்ட் பல் தவறி மாட்டியிருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளலாம். கையால் மெல்லச் சுற்றும்போது முட்டினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஸ்டார்ட் செய்து முட்டினால் வால்வு வளைந்து, ஹெட்டையே கழற்ற நேரிடும்.

அதிகம் ஓடாத கார்தானே என்று தள்ளிப்போடவும் முடியாது, நிற்கும் காரிலும் ரப்பருக்கு வயதாகும். இதே பெல்ட் வாட்டர் பம்பையும் சுற்றுகிற கார் என்றால் பம்ப், டென்ஷனர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுவார்கள். அத்தனை கவரையும் இன்னொரு முறை கழற்ற யாருக்குப் பொறுமை?