கையிலிருந்து இறங்கிய சுமை

லால்பாக் தோட்டத்திலும் கப்பன் பூங்காவிலும் விடியற்காலை வேளையில் நம் தமிழன்பர்களைக் காணாத நாளே இல்லை. மூவராகவும் நால்வராகவும் கூடி, ஊர்ச் செய்தியும் உத்தியோகச் செய்தியும் பேசிக்கொண்டு விரைந்து நடக்கிறார்கள். நடை நல்லது. இருதயத்துக்கும் சுவாசத்துக்கும் அதைப்போல் எளிய துணை வேறில்லை. அதை நாம் குறை கூறப் புகவில்லை. ஆனால் அவ்வன்பர்களில் ஒருவரை நிறுத்தி, “ஐயா, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து தூக்கி மேடைமேல் வைப்பீர்களா?” என்று கேட்டால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுவார். அதற்குக் கடைப்பையன் இருக்கிறான், லிப்ட் இருக்கிறது என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தால் விளையும் கேட்டை நாம் எம் இல்லத்திலேயே கண்டோம்.

தந்தையார் மறைந்தபின் எம் தாயாரைத் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பெங்களூருக்கு அழைத்து வந்தோம். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. ஊரில் அவர் கிணற்றில் நீர் இறைத்தவர், ஆட்டுக்கல்லில் மாவரைத்தவர், மாட்டுக்குப் புல்லுக்கட்டுச் சுமந்தவர். இங்கோ நான்காவது மாடி வீடு. குழாயைத் திருகினால் தண்ணீர், பொத்தானை அழுத்தினால் மாவு. பழக்கம் விடாமல் அவர் வாளியைத் தொட்டால், “நீங்கள் உட்காருங்கள் அம்மா” என்று நாமே வாங்கிக்கொண்டோம். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றத் தரையில் அமர்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. உடலைத் தூக்கி நிறுத்தும் வலுவைத்தான் கால்கள் இழந்துவிட்டிருந்தன. பரிசோதித்த மருத்துவர் மருந்து ஏதும் எழுதவில்லை. “இவருக்கு வேலை கொடுங்கள்” என்றார். அன்பு என்று எண்ணி நாம் செய்ததன் பலன் இது.

தசை என்பது இருப்புப் பணம் போன்றதன்று. எடுத்து ஆளாவிட்டால் தானே கரைவது. முப்பது வயதுக்குப்பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்றும், அறுபதுக்குமேல் அத்தேய்வு விரைவுபடுகிறது என்றும் உடலியல் அறிஞர் கணக்கிட்டிருக்கின்றனர். இதனால் கெடுவது நடமாட்டம் மட்டுமன்று. நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கும்போது, அதில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் களஞ்சியம் தசையே. களஞ்சியம் சுருங்கினால் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். நம் நாட்டவர்க்கோ பிற நாட்டாரைவிட இயல்பிலேயே தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுக்கு ஆளாகியிருக்கின்றனர் என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ஆம் ஆண்டில் அறிவித்தது. மெலிந்திருக்கிறோம், ஆகவே நலமாக இருக்கிறோம் என்று நம்மவர் மகிழ்வதில் பொருளில்லை.

இழந்த வலு முதுமையில் திரும்புமா என்ற ஐயம் எமக்கும் இருந்தது. 1990-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதையொட்டிய, தளர்ந்துபோன பத்துப் பேரை எடுத்துக்கொண்டு, எட்டு வாரம் தொடைத் தசைகளுக்குக் கடினமான பளுப் பயிற்சி அளித்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். எஞ்சிய ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. இருவர் கைத்தடியை விட்டு நடந்தனர். தொண்ணூறில் இது கைகூடுமானால், ஐம்பதில் “இனி என்ன” என்று சலித்துக்கொள்வதற்கு நமக்கு என்ன நியாயம்?

பளு தூக்குவது மேனாட்டு மோகம், பயில்வான்களின் வேலை என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் தாம் குடியேறிய இந்நகரத்தின் வரலாற்றைச் சற்றே அறிய வேண்டும். பழைய பேட்டைப் பகுதியின் சந்துகளில் ‘கரடி மனை’ என்னும் பயிற்சிக் கூடங்கள் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கின்றன. (உள்ளே கரடி இருக்கிறதா என்று நம் வீட்டுச் சிறுவன் கேட்டான். கரடிக்கூடம் என்ற சொல் தமிழ் அகராதியிலும் உண்டு, ஆயுதப் பயிற்சிக் கூடத்துக்கு அது பழைய பெயர் என்று விளக்கினோம். அவனுக்கு ஏமாற்றமே.) செம்மண் பரப்பிய களம், அனுமன் படம், கரலாக்கட்டை, தண்டால், பஸ்கி, இவையே அங்குள்ள சாதனங்கள். ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியையொட்டித் தருமராயர் கோவிலில் நடைபெறும் கரகத் திருவிழாவில் வாளேந்திக் காவல் வரும் வீரகுமாரர்கள் இத்தகைய கரடி மனைகளோடு தொடர்புடையவர்கள். அவ்விழாவை நடத்தும் திகளர் சமூகத்தார் முற்காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழியினர் எனக் கருதப்படுகின்றனர். அவ்வகையில் நமக்கு முன்னே குடியேறியவர்கள் அவர்கள்.

1904, 1905-ஆம் ஆண்டுகளில் யூஜின் சாண்டோ என்னும் புகழ்பெற்ற பலசாலி இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து தம் உடற்கட்டைக் காட்டினார். அவர் பெயர் நம் மக்கள் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு, நாம் இன்றும் கடையில் கேட்டு வாங்கும் சாண்டோ பனியனே சாட்சி. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னும் அப்பட்டம் நின்றது. ஆயினும் சாண்டோ காட்டியதை ஒரு குமாஸ்தாவும் மாணவனும் தம் வீட்டில் செய்யக்கூடிய முறையாக்கித் தந்தவர் பெங்களூரில் வாழ்ந்தார். அவரே பேராசிரியர் கே. வி. ஐயர் எனப் பெயர் பெற்ற கோலார் வெங்கடேச ஐயர்.

அவர் நடத்திய கூடத்தின் பெயர் ஹெர்குலிஸ் ஜிம்னேஷியம். 1930-ஆம் ஆண்டில் ‘மஸில் கல்ட்’ என்ற ஆங்கில நூலையும், 1937-இல் சூரிய நமஸ்காரம் பற்றிய நூலையும் வெளியிட்டார். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு அவருக்குக் கிட்டிற்று. எம் மனத்தைக் கவர்ந்தவை அப்பெருமைகள் அல்ல. அவர் தபால் வழியாகவும் பாடம் நடத்தினார்! கூடத்துக்கு வர இயலாத வெளியூர்க்காரன் கடிதத்தில் வந்த பயிற்சி முறையைப் பார்த்துத் தன் அறையிலேயே பழகினான். இரும்புக் குண்டும் ஆசனமும் பகைப்பொருள்கள் என்று இன்று சிலர் வாதிடுவதைக் கேட்கிறோம். ஐயர் இரண்டையும் ஒரே முறையில் இணைத்தார். ஆசனப் பயிற்சியில் அவருக்கு உடனிருந்தவர் நம் யோகாசாரியர் சுந்தரம். இருவரும் ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவும் செய்முறை விளக்கமும் நிகழ்த்தினர். ‘சுந்தர யோக சிகிச்சை’ என்ற தமிழ் நூலின் ஆசிரியர் அவரே.

பலசாலி என்றால் படிப்பறியாதவன் என்ற எண்ணத்தையும் ஐயர் பொய்யாக்கினார். ஹொய்சள அரசி சாந்தலாவைப் பற்றிக் கன்னடத்தில் அவர் எழுதிய நாவல் பெரும்பேர் பெற்றது. நவீன கன்னட நாடகத்தின் தந்தை எனப் போற்றப்படும் டி. பி. கைலாசம் அவருடைய நண்பர். அந்தக் கைலாசமும் பிறப்பால் தமிழரே என்று இங்கே ஒரு வரி சேர்த்துக்கொள்ளும் ஆசையை எம்மால் அடக்க இயலவில்லை.

இனி முறைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது முழங்கால் காயமுற்ற சிப்பாய்களுக்கு இலேசான எடையைப் பன்முறை தூக்கச் செய்வதே வழக்கமாயிருந்தது. தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர் கனமான எடையைச் சில முறை தூக்கச் செய்து, வலு ஏற ஏற எடையையும் ஏற்றினார். நோயாளிகள் விரைவில் தேறினர். 1945-இல் அவர் எழுதி வெளியிட்ட அம்முறையே இன்றைய பலப்பயிற்சிக்கு அடித்தளம். நூறு தடவை எளிதாகச் செய்வதால் பழக்கம் வளரும். பத்தாவது தடவையில் மூச்சு முட்டி முகம் சிவக்கும்போதுதான் வலு வளரும்.

முழு உடலுக்கும் பயிற்சி என்றால் அஞ்ச வேண்டுவதில்லை. உட்கார்ந்து எழுதல், தள்ளுதல், இழுத்தல், தரையிலிருந்து தூக்குதல், சுமந்து நடத்தல் என்ற ஐந்தில் உடம்பின் பெருந்தசைகள் யாவும் அடங்கிவிடும். எம் தாயாருக்கு நாற்காலியில் தொடங்கினோம். கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார வேண்டும். முதல்நாள் நாற்காலிமேல் இரண்டு தலையணை வைத்தும் மூன்று முறைதான் முடிந்தது. வாரந்தோறும் முயன்று எட்டு முறை வந்தபின் ஒரு தலையணையை எடுத்தோம், பிறகு மற்றொன்றையும். தண்டாலைச் சுவரில் கை ஊன்றிச் செய்தார். பின்னர் சமையல் மேடையில் ஊன்றினார். இழுப்பதற்கு ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டை. தூக்குவதற்கும் சுமப்பதற்கும் தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன்கள் போதுமாயிருந்தன. இடுப்பை மடித்து, முதுகை நேராக வைத்து, கேனை உடலோடு அணைத்துத் தூக்கச் சொன்னபோது, “குடம் தூக்கத் தெரியாதவளா நான்?” என்று கேட்டார். உண்மையில் எமக்குத்தான் தெரியவில்லை. அவர் தூக்கியதைப் பார்த்து நாம் திருத்திக்கொண்டோம்.

ஒவ்வொன்றிலும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று. கடைசி இரு முறை சிரமமாக இருக்க வேண்டும். எளிதானால் பளுவைக் கூட்ட வேண்டும். வாரத்தில் இரண்டு நாளேனும் பெருந்தசைகள் அனைத்துக்கும் பயிற்சி தேவை என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை. அறுபத்தைந்து வயதைக் கடந்தோர்க்கு, தடுமாறாமல் நிற்கும் சமநிலைப் பயிற்சியும் கலந்து மூன்று நாள் வேண்டும் என்கிறது. தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது. கட்டுக்கடங்காத இரத்தக் கொதிப்பு, இருதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் அண்மையில் கண் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

நம் பெண்மணிகளுக்குத் தனியே ஒரு சொல். பளு தூக்கினால் உடம்பு ஆண்களைப்போல் முறுக்கேறிவிடும் என்ற அச்சம் வீண். அவ்வாறு ஆவதற்கு ஆண்களே ஆண்டுக்கணக்கில் படாதபாடு படுகின்றனர். மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைந்து தேய்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த மூதாட்டியர் எத்தனை பேரை நாம் கண்டிருக்கிறோம்! எலும்பு நலிந்த பெண்களுக்கு, பயிற்றுநர் மேற்பார்வையில், வாரம் இருமுறை அரைமணி நேரம் வீதம் எட்டு மாதம் கனமான பளுப் பயிற்சி அளித்துப் பார்த்தனர் ஆஸ்திரேலிய ஆய்வாளர். முதுகெலும்பின் அடர்த்தி அவர்களுக்கு ஏறக்குறைய 3 விழுக்காடு கூடிற்று. இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் குறைந்தது. 2018-இல் வெளியான முடிவு இது.

கணினிமுன் கூனி அமரும் இளைஞர்களுக்கு, “நிமிர்ந்து உட்கார்” என்று சொல்லிச் சொல்லிப் பெற்றோர்க்கு வாய் வலித்ததுதான் மிச்சம். சொல்வதால் எவனும் நிமிர்வதில்லை. கட்டளைக்கு நிமிர்ந்தவன் ஐந்து நிமிடத்தில் மீண்டும் சரிகிறான். மேல்முதுகும் வயிறும் பிட்டமும் வலுப்பெற்றால் உடல் நெடுநேரம் களைக்காமல் நிற்கும். ஒரே நிலையில் சிலைபோல் அமர்வதும் நன்றன்று. அரைமணிக்கொருமுறை எழுந்து நடப்பது, விலையுயர்ந்த நாற்காலியைவிட மேல் என்பது எம் கட்சி. அந்நாற்காலிகளை விற்போர் எம்மோடு உடன்படமாட்டார்கள்.

உணவையும் சொல்லியாக வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த அளவு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது ஐம்பது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் பருப்பில் இருபத்திரண்டு கிராம் அளவில் உண்டு. நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேடிப் பார்த்துவிட்டு நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும். எம் தாயார் மாலைக் காப்பியோடு முறுக்குக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல் கேட்டு வாங்கினார்.

அவருக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று நாம் அலுவலகக் கணக்கொன்றில் மூழ்கியிருந்தபோது, வாசலில் கடைப்பையன் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சமையலறையில் தொப்பென்று சத்தம் கேட்டு ஓடினோம். பையை மேடைமேல் ஏற்றிவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்தபடி நின்றார்.

“அரிசி வந்து அரைமணி நேரம் ஆச்சு. இந்த வீட்ல எடுத்து வைக்க ஒருத்தரும் இல்லையா?” என்றார்.