யூ-47700

யூ-47700 என்பது 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் அப்ஜான் மருந்து நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட ஒரு செயற்கை வலிநீக்கி ஆகும். இது அபினைப் போன்று செயற்படும் ஓபியாய்டு வகையைச் சார்ந்தது. இது மருந்தாக ஒருபோதும் சந்தைக்கு வரவில்லை. எனினும் 2010களின் நடுப்பகுதியில் போதைப்பொருளாகப் பரவிப் பல உயிரிழப்புகளுக்குக் காரணமானது.

வரலாறு

இதனை உருவாக்கியவர் அப்ஜான் நிறுவன வேதியியலாளர் ஜேக்கப் ஷ்முஸ்கோவிச் ஆவார். 1978 ஆம் ஆண்டில் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. பெயரிலுள்ள "யூ" என்பது நிறுவனப் பெயரின் ஆங்கில முதலெழுத்தாகும். விலங்குச் சோதனைகளில் இது மார்பீனைவிடச் சுமார் 7.5 மடங்கு வீரியமுடையதாகக் காணப்பட்டது. இவ்வாய்வுகளின் தொடர்ச்சியாக உருவான யூ-50488 என்னும் சேர்மம், ஓபியாய்டு ஏற்பிகள் பற்றிய ஆய்வுகளில் பயன்படுகிறது.

வேதியியல்

இதன் மூலக்கூறில் 16 கார்பன், 22 ஐதரசன், 2 குளோரின், 2 நைதரசன், 1 ஆக்சிசன் அணுக்கள் உள்ளன. மூலக்கூற்று எடை ஏறத்தாழ 329.3 ஆகும். பிரித்தானியாவில் உருவாக்கப்பட்ட ஏஎச்-7921 என்னும் வலிநீக்கியின் கட்டமைப்பு மாற்றியம் இதுவாகும்.

செயற்பாடு

யூ-47700 மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள மியூ ஓபியாய்டு ஏற்பிகளுடன் பிணைந்து வலியுணர்வைக் குறைக்கிறது. அதே ஏற்பிகள் மூளைத்தண்டில் சுவாசத்தையும் கட்டுப்படுத்துவதால், அளவு மிகும்போது சுவாசம் தளர்ந்து இறப்பு நேரிடலாம். மனிதரில் மருத்துவச் சோதனை நடத்தப்படாமையால் இதற்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று வரையறுக்கப்படவில்லை. நச்சுவிளைவை முறிக்க நலாக்சோன் பயன்படுத்தப்படுகிறது.

தவறான பயன்பாடு

காப்புரிமை ஆவணங்கள் யாவரும் படிக்கக்கூடியவை. ஒரு சேர்மத்தைத் தயாரிக்கும் முறை அவற்றில் விளக்கப்பட்டிருக்கும். கைவிடப்பட்ட சேர்மங்கள் அக்காலச் சட்டங்களின் தடைப்பட்டியலில் இடம்பெறவும் இல்லை. இவ்விரண்டும் சட்டவிரோத உற்பத்தியாளருக்கு வாய்ப்பாயின. யூ-47700 "பிங்க்" என்ற பெயரில் இணையம் வழியாக விற்கப்பட்டது. போலி வலிநீக்கி மாத்திரைகளிலும் கண்டறியப்பட்டது. 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் இதனுடன் தொடர்புடைய குறைந்தது 46 இறப்புகள் உறுதிசெய்யப்பட்டன.

சட்ட நிலை

சுவீடன் 2016 சனவரியில் இதனைத் தடை செய்தது. ஐக்கிய அமெரிக்கா 2016 நவம்பரில் இதனை முதலாம் அட்டவணையில் தற்காலிகமாகச் சேர்த்துப் பின்னர் அதனை நிரந்தரமாக்கியது. 2017 இல் ஐக்கிய நாடுகள் அவையின் 1961 ஆம் ஆண்டுப் போதைமருந்து உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையிலும் இது சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு சூலை 1 முதல் சீனாவும் இதனைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.